பழைய கணினிகளைக் கழித்துவிடுமுன் பணிசெயல் முறைமையை மாற்றிப் பார்ப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான வின்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கு வழமையாக வழங்கிவந்த பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டதையடுத்து, வன்னியின் பாடசாலைகளிலும் கடைகளிலும் சனசமூக நிலையங்களிலும் உள்ள பழைய கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்துள்ளது. தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஓராண்டு நீடிப்பு அறிவிக்கப்பட்டபோதிலும், அது கேள்வியைத் தள்ளிப்போடுகிறதே தவிரத் தீர்க்கவில்லை. ஒட்டுசுட்டான் பகுதியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்பிப்பவன் என்ற வகையில் என் அனுபவத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பகிர விரும்புகிறேன்.

வின்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவுவதற்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் மட்டும் போதாது, ரிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்ரெல் வகையாயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். எங்கள் ஆய்வுகூடத்தில் உள்ள 12 கணினிகளும் ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தவை. புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கித் தந்த அவற்றில் ஒன்றுகூட இன்னும் பழுதடையவில்லை. பழுதில்லாத பொருளைக் கழித்துவிட்டு, புதியதற்காக மீண்டும் அவர்களிடமே கையேந்த எனக்கு மனம் இடந்தரவில்லை.

ஆகவே சென்ற தவணை விடுமுறையில் நான்கு கணினிகளில், வின்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் பணிசெயல் முறைமையின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 ஐ, பழைய கணினிகளுக்கேற்ற அதன் எக்ஸ்எப்சிஈ பதிப்பில் நிறுவினேன். இது இலவசமானது, 2 ஜிபி நினைவகத்திலேயே இயங்கக்கூடியது, 2029 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைப் பெறுவது. நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கவும் முடிந்ததால், அச்சுப்பொறியும் வலையமைப்பும் வேலை செய்கின்றனவா என்பதை உள்ளிருந்த கோப்புகளுக்குச் சேதமின்றி அறிந்துகொண்டேன். 40 நிமிடப் பாடவேளையில் கணினி திறக்கும்வரை பிள்ளைகள் காத்திருந்த நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அச்சுக் கடைகளிலிருந்து பென் டிரைவில் வந்து சேரும், கோப்புறைகளையெல்லாம் குறுக்குவழிகளாக மாற்றிவிடும் வைரஸ்கள் வின்டோஸுக்கென எழுதப்பட்டவை என்பதால் இங்கே இயங்குவதில்லை. கைபேசி டேட்டாவை நம்பியிருக்கும் எங்களுக்கு, இற்றைப்படுத்தலை எப்போது இறக்குவது என்பதை நாமே தீர்மானிப்பது பெரிய ஆறுதல். வின்டோஸிலும் இணைப்பை ‘அளவிடப்பட்டது’ (டேட்டா அளவுக்குக் கட்டுப்பட்டது) எனக் குறித்துவிட்டால் இதைப் பெருமளவு கட்டுப்படுத்தலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் லினக்ஸின் குறைகளை மறைத்து எவரையும் அதற்கு மாற்றக் கூடாது. எமக்கு நேர்ந்த பெரிய இடர்ப்பாடு தமிழாலும் ஆவணங்களாலும் வந்தது. எங்கள் பகுதியில் வினாத்தாள்களும் கடிதங்களும் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்படுகின்றன. அந்த எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவலாம். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டுவதால், பழகிய விரல்கள் அப்படியே தட்டச்சிடலாம். எனினும் வேர்ட்டில் அமைத்த வினாத்தாளை லினக்ஸில் வேர்ட்டுக்குப் பதிலாக உள்ள லிப்ரே ஒஃபிஸில் திறந்தபோது அட்டவணைகள் நகர்ந்தன, கேள்விகள் அடுத்த பக்கத்துக்குத் தாவின. பரீட்சைக்கு முதல்நாள் இரவில் இது சிறிய விடயமல்ல. எழுத்துரு மாறினாலும் தமிழாகவே வாசிக்கப்படும் யுனிகோட் தமிழுக்கு மாறி, இறுதி வடிவத்தை பிடிஎப் ஆக அனுப்புவதே எங்களுக்குக் கைகொடுத்தது; தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் லினக்ஸில் கிடைக்கிறது.

வின்டோஸின் உண்மையான பலம் அது எங்கும் இருப்பதே. மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ கணினி திருத்துபவரிடம் கொண்டுபோனால் அவருக்குத் தெரிந்தது வின்டோஸ்தான். கடைகளின் கணக்கு மென்பொருள்களிற் பலவும் அதற்காகவே எழுதப்பட்டவை. கடை நடத்துபவர் ஒருவரிடம் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதேவேளை, உரிமம் பெறாத வின்டோஸ் பிரதியை நிறுவித் தருவது எங்கள் ஊர்களில் வழமையாகிவிட்டதை ஒரு தீர்வாகக் கொள்ளவும் முடியாது. யார் எதைச் சேர்த்து வைத்தார்களென்று தெரியாத அந்தப் பிரதிகளில்தான் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல்களும் மக்களின் அடையாள அட்டை விபரங்களும் சேமிக்கப்படுகின்றன.

அப்பிளின் மக் பணிசெயல் முறைமை உறுதியானது, தமிழுக்கும் நன்கு இடந்தருவது. ஆயினும் அது அந்நிறுவனத்தின் கணினிகளுக்கென்றே ஆக்கப்பட்டது; அக்கணினிகளின் விலை எங்கள் பாடசாலைகளுக்கு எட்டாதது.

க.பொ.த. சாதாரண தரப் பாடத்திட்டத்தில் பணிசெயல் முறைமைகள் ஓர் அலகாக உள்ளன. லினக்ஸ் என்ற பெயரைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் பிள்ளை அதை ஒருமுறையேனும் இயக்கிப் பார்க்கும் வாய்ப்பு இந்தப் பழைய கணினிகளால் கிடைக்கிறது என்பதே என்னை மிகவும் மகிழ்வித்தது. வலயக் கல்வி அதிகாரிகள் பழைய கணினிகளைக் கழிவுப் பட்டியலில் சேர்க்குமுன், ஆய்வுகூடத்துக்கு இரண்டு கணினிகளிலேனும் லினக்ஸை நிறுவிப் பார்க்குமாறு அறிவுறுத்தி, அதற்கான ஒரு நாள் பயிற்சியை ஆசிரியர்களுக்கு வழங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். புலத்திலிருந்து கணினி அனுப்ப விரும்பும் அன்பர்கள், அனுப்புமுன் செயலியின் தலைமுறையையும் நினைவகத்தின் அளவையும் எழுதி அனுப்பினால், எந்த முறைமையை நிறுவுவதென்று இங்கே முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
ஆசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.