பார்மாவில் மூன்று இரவுகள் ஏன்?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் இத்தாலிப் பயணத்தில் மிலான் நகருக்கான நாள்களைக் குறைத்துப் பார்மாவுக்கு மூன்று இரவுகள் ஒதுக்கியிருப்பதைக் கண்டு, பெயரே கேள்விப்படாத ஊருக்கு இத்தனை நாளா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். முன்பு இவ்வூரை அரை நாளில் காட்டி அழைத்து வந்தோம். அது சரியாக இல்லை என்று எங்களுக்கே தோன்றியதால்தான் இந்த மாற்றம்.

பார்மா பேராலயத்தின் குவிமாடத்தில் 1526 முதல் 1530 வரை கொர்ரெஜ்ஜோ தீட்டிய மரியாளின் விண்ணேற்பு ஓவியத்தை, கழுத்தை அண்ணாந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால்தான், மேகச் சுருள்களுக்குள் உருவங்கள் வட்டம் வட்டமாக மேலேறுவது கண்ணுக்குப் பிடிபடும். அருகிலேயே 1196இல் கட்டத் தொடங்கிய, இளஞ்சிவப்புச் சலவைக்கல்லாலான எண்கோணத் திருமுழுக்குக் கூடம் இருக்கிறது. 1944இல் குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் பழைய வடிவிலேயே எழுப்பப்பட்ட ஃபர்னேசே என்னும் மரத்தாலான நாடக அரங்கையும் நடந்தே சென்று பார்த்துவிடலாம்.

ஒரு காலைப்பொழுது முழுவதும் பர்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் சீஸைச் செய்யும் பண்ணைக்கு உரியது. முந்தைய மாலை கறந்து ஆடை எடுத்த பாலையும் அன்று காலைப் பாலையும் கவிழ்த்த மணி போன்ற செப்புக் கொப்பரையில் கலந்து உறைய வைக்கிறார்கள். அடியில் திரளும் கட்டியைத் துணியால் ஏந்தித் தூக்கி இரண்டாக வெட்டுகிறார்கள். சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு வட்டுக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் தேவை. குறைந்தது 12 மாதம் முதிர்ந்த பிறகு, சிறு சுத்தியலால் தட்டி, ஓசையைக் கேட்டே உள்ளே பழுது உண்டா என்று கண்டறிகிறார்கள்.

சைவ உணவு உண்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இந்தச் சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்னும் உறைபொருள் கொண்டே உறைய வைக்க வேண்டும் என்பது அதன் விதி. கீரையும் ரிக்கோட்டா என்னும் மென்மையான சீஸும் பொதிந்த தொர்தெல்லி என்னும் பாஸ்தா இவ்வூரின் அருமையான பண்டம். ஆனால் அதன் மாவில் முட்டை சேரும், மேலே பர்மிஜானோ சீஸைத் துருவித் தூவுவார்கள். சைவம்தானே என்று எங்கள் பட்டியலில் இதைச் சேர்த்து யாருடைய நம்பிக்கைக்கும் ஊறு செய்ய நாங்கள் விரும்பவில்லை. ஆகவே முட்டை, சீஸ் இரண்டையும் பற்றிய உங்கள் வழக்கத்தை முன்பதிவுப் படிவத்தில் தனித்தனியே குறிப்பிடுங்கள்; அதற்கேற்ற உணவை உணவகத்தாரிடம் முன்னதாகவே சொல்லி வைப்போம்.

பண்ணை வேலை காலையிலேயே முடிந்துவிடும் என்பதால், அன்று மட்டும் விடுதியிலிருந்து விடியலிலேயே கிளம்ப வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்