பத்துக்கு ஒன்றா, இரண்டுக்கு ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பென்சோடயஸபின் மருந்துகள் (தூக்கத்துக்கும் வலிப்பை அடக்கவும் தருபவை) பற்றிய கட்டுரையோடு ஒரு அட்டவணை போட்டிருந்தீர்கள். டயஸபாம் 10 மி.கி.க்கு லோரஸபாம் 1 மி.கி. சமம் என்கிறது அது. கணக்கு தவறில்லை, ஆனால் அது மாத்திரைக் கணக்கு. வருடக்கணக்கில் தூக்க மாத்திரைக்குப் பழகிப்போனவர்களை டயஸபாமுக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பதற்கு உதவுவது. அதை நரம்பு (ரத்தக் குழாய்) ஊசி பற்றிப் பேசும் பக்கத்தில் அச்சிட்டதுதான் என் கவலை. இத்தகைய அட்டவணைகளை போனில் படம்பிடித்து வைத்துக்கொண்டு நடு இரவில் பார்க்கிற பயிற்சி மருத்துவர்கள் உண்டு.

ஐந்து நிமிடம் தாண்டியும் வலிப்பு நிற்காத 60 கிலோ பெரியவரை எடுத்துக்கொள்வோம். டயஸபாம் என்றால் 10 மி.கி. லோரஸபாம் கிலோவுக்கு 0.1 மி.கி., ஒரு தடவைக்கு 4 மி.கி.க்கு மேல் கூடாது. ஆக, விகிதம் இரண்டரைக்கு ஒன்று. 20 கிலோ குழந்தைக்கு டயஸபாம் கிலோவுக்கு 0.2 வீதம் 4 மி.கி., லோரஸபாம் 2 மி.கி.; இங்கே இரண்டுக்கு ஒன்று. அட்டவணையை நம்பி அந்தப் பெரியவருக்கு 1 மி.கி. லோரஸபாம் போட்டால் கால் பங்கு மருந்துதான் போயிருக்கும். வலிப்பு நீள நீள மூளைச் செல்களின் மேலிருக்கும் காபா ஏற்பிகள், அதாவது இந்த மருந்துகள் பிடிக்கும் இடங்கள், உள்ளே இழுக்கப்பட்டுவிடும். பிறகு முழு அளவு கொடுத்தாலும் முன்போல மருந்து பிடிக்காது.

மூச்சு அடங்கிவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் குறைத்துப் போடுகிறார்கள். 2001இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ ஆம்புலன்ஸ் ஆய்வில் லோரஸபாம் 2 மி.கி., டயஸபாம் 5 மி.கி., மருந்தில்லாத ஊசி மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூச்சு, ரத்த அழுத்தச் சிக்கல்கள் அதிகம் வந்தது மருந்தே பெறாதவர்களுக்குத்தான். நிற்காத வலிப்பு அவ்வளவு கெடுதல் செய்யும்.

விகிதம் ஏன் இப்படி மாறுகிறது? எந்த வேலைக்கு, எத்தனையாவது நிமிடத்தில் ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. டயஸபாம் கொழுப்பில் நன்றாகக் கரைவதால் மூளைக்குள் நொடிகளில் நுழைந்துவிடும். அதே வேகத்தில் வெளியேறி உடல் கொழுப்புக்குப் போய்விடும். அதன் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) ஒரு நாளைத் தாண்டும், ஆனால் ஒரு ஊசியின் வலிப்படக்கும் பலன் அரைமணி நேரத்துக்குள் தேய்ந்துவிடலாம். லோரஸபாமின் அரை ஆயுள் அதைவிடக் குறைவு, ஆனால் வலிப்பை அடக்கிவைப்பது 12 மணி நேரம் வரைகூட நீளும். அரை ஆயுளைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுத்தால் தலைகீழாகப் போய்விடும்.

இதே வகையைச் சேர்ந்த மிடஸோலாமில் ஆபத்து எதிர்த் திசையில் இருக்கிறது. 1980களில் அது அமெரிக்காவுக்கு வந்த புதிதில் டயஸபாமைப் போலவே எண்ணிப் போட்டு, எண்டோஸ்கோப்பி (குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும்) அறைகளில் மூச்சு நின்று உயிர்கள் போயின. மிடஸோலாமின் வீரியம் பல மடங்கு என்று பிறகே உறைத்தது. இன்றைய அமெரிக்க லேபிளின்படி, ஆரோக்கியமான பெரியவருக்கே முதல் அளவு 2.5 மி.கி.யைத் தாண்டக்கூடாது; 60 வயதைக் கடந்தவருக்கு 1.5 மி.கி., சிலருக்கு 1 மி.கி.யே போதும். இரண்டு நிமிடத்தில் மெல்ல ஏற்றி, குறைந்தது இன்னும் இரண்டு நிமிடம் காத்திருந்து பார்த்த பிறகே அடுத்த சொட்டு. ஃபென்டானில் போன்ற வலி மருந்துகள் சேர்ந்தால் சுமார் 30 விழுக்காடு குறைக்க வேண்டும், முதியவருக்குக் குறைந்தது பாதி.

மி.கி. சரியாக இருந்தும் மி.லி.யில் பிழை வரும். மிடஸோலாம் 1 மி.லி.க்கு 1 மி.கி. என்றும் வருகிறது, 5 மி.கி. என்றும் வருகிறது. இரண்டாவதில் முதியவருக்கான 1 மி.கி. என்பது 0.2 மி.லி. ஐந்து மி.லி. சிரிஞ்சில் ஒரே ஒரு கோடு. விரல் கொஞ்சம் அழுந்தினால் இரட்டிப்பு. பிரிட்டனில் 2008இல் இந்தக் குழப்பத்துக்காகவே எச்சரிக்கை விடுத்தார்கள். 1 மி.லி.யில் 5 மி.கி. உள்ள ஆம்பியூலை 4 மி.லி. சலைனோடு (உப்பு நீர்) கலந்து, மி.லி.க்கு 1 மி.கி. ஆக்கி, சிரிஞ்சில் எழுதி ஒட்டிவிட்டால் கணக்கு கண்ணுக்குத் தெரியும்.

டயஸபாமை இப்படிக் கலக்கக் கூடாது. சலைன் பட்டதும் சிரிஞ்சுக்குள் பால் போலத் திரளும். அப்படியே, நிமிடத்துக்கு 5 மி.கி.க்கு மிகாமல் பெரிய நரம்பில் போட வேண்டும். லோரஸபாமைச் சம அளவு சலைன் சேர்த்து நிமிடத்துக்கு 2 மி.கி. வேகத்தில் ஏற்றலாம், ஆம்பியூல் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போட நரம்பு கிடைக்காத வலிப்பு நோயாளிக்கு, 40 கிலோவுக்கு மேல் எடை இருந்தால், மிடஸோலாம் 10 மி.கி. தசையில் போடுவதே சரி. டயஸபாம் தசையில் சீராக உறிஞ்சப்படாது.

அடுத்த இதழில் அட்டவணையைத் திருத்தி வெளியிடுங்கள். வலிப்புக்கு ஒன்று, சிகிச்சைக்கு முந்தைய மயக்கத்துக்கு ஒன்று, மாத்திரை மாற்றத்துக்கு ஒன்று என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மி.கி.க்குப் பக்கத்திலேயே ஆம்பியூலின் அடர்த்தியையும் மி.லி.யையும் போடுங்கள்.

இப்படிக்கு,
மயக்கவியல் மருத்துவர், திருச்சி