காணிக்கைக்குப் பெயர்ப்பலகை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில், ஒரு கிறிஸ்தவ சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை, அதாவது ஆலயத்தை அர்ப்பணித்த நாளின் ஆண்டு விழா, பற்றிய செய்தியோடு படமும் வந்திருந்தது. அதில் ஆலயம் பாதிதான் தெரிந்தது. மீதியை ஃபிளக்ஸ் பேனர்கள் மறைத்துவிட்டன. அது எந்த ஊர் என்பது முக்கியமில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது எந்த ஊர்ப் பண்டிகைக்குப் போனாலும், நன்கொடை கொடுத்தவர்கள் கைகூப்பி நிற்கும் படமும் கீழே கமிட்டி உறுப்பினர்களின் வரிசையும்தான் நம்மை வரவேற்கின்றன. ஞாயிறு பள்ளியிலிருந்து பெண்கள் ஐக்கிய சங்கம் வரை இந்தச் சபையிலேயே வளர்ந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பேனரைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது பட்டியல் வாசிப்பு. அசனம் என்று நாங்கள் சொல்லும் பண்டிகை விருந்துக்குக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்களை ஆராதனை முடிவதற்குள் மைக்கில் வாசிக்கிறார்கள். அதுவும் தொகை வாரியாக. இருபத்தைந்தாயிரம், பத்தாயிரம், ஐந்தாயிரம் என்று இறங்கிவந்து, நூறு ஐம்பதை எட்டும்போது வாசிப்பவருக்கே அவசரம் வந்துவிடும். பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். எங்கள் சபையில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு அக்கா இருக்கிறார். சரியில்லை என்று கடையில் கழித்துப் போட்ட பீடி போக மிச்சத்துக்குத்தான் அவருக்குக் கூலி. அதில் சேர்த்து வைத்ததை ஒவ்வொரு பண்டிகைக்கும் கவரில் போட்டுத் தருவார். ஒரு தடவை என்னிடம் கவரை நீட்டி, "டீச்சர், இதுல எம் பேரு எழுத வேண்டாம், சும்மா உண்டியல்ல போட்டுருங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "கடைசியா வாசிக்காங்க. பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, ஜனங்கள் பணம் போடுவதை இயேசு பார்த்துக்கொண்டிருந்தார் என்று மாற்கு சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஐசுவரியவான்கள் அதிகமாகப் போட்டார்கள். ஆனால் அவர் சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டியது, இரண்டு காசு போட்ட ஏழை விதவையை. எங்கள் முறைப்படி வாசித்தால் அந்த அம்மாள் கடைசியில்தான் வருவார்.

இதைப் பேச்சுவாக்கில் கமிட்டியில் ஒருவரிடம் சொன்னபோது, "பெயர் போட்டால்தானே பணம் வருது டீச்சர்" என்றார். அவர் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. பெயின்ட் அடிக்க வேண்டும், ஜெனரேட்டர் வாடகை, அசனத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி. கணக்கு ஒளிவுமறைவில்லாமல் இருக்க வேண்டும் என்பதும் சரி. அதற்கு ரசீது இருக்கிறது, வருடக் கணக்கு இருக்கிறது, தணிக்கை இருக்கிறது. ரசீதில் பெயர் இருப்பது பொறுப்புக்காக. அதே பெயரை பத்தடிக்குப் படத்தோடு தெருவில் கட்டுவது எதற்காக? உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று மலைப் பிரசங்கத்தில் சொன்னவருடைய வீட்டு வாசலிலேயே அதைக் கட்டுகிறோமே!

ஒவ்வொரு ஞாயிறும் காணிக்கை படைக்கும்போது, "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" என்று சபையாக எழுந்து நின்று சொல்கிறோம். ஆலயம் கட்டப் பொன்னும் வெள்ளியும் குவிந்து கிடந்த நேரத்தில் தாவீது ராஜா செய்த ஜெபம் அது. இவ்வளவு கொடுக்க நான் யார், என் ஜனங்கள் யார் என்று அந்த ஜெபத்திலேயே கேட்கிறார். தேவனுக்கு முன்பாகத் தாழ்மையாய் நடப்பது என்றால், என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு ஜெபத்தை வாயால் சொன்னபடி கையாலும் செய்வதுதான். அவரிடமே வாங்கி அவருக்கே கொடுத்த பொருளுக்கு நான் எப்படி உரிமை கொண்டாட முடியும்?

நம் மண்ணில் இது புதுப் பாடமும் இல்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுபோன பெண்கள் எங்கள் அம்மா தலைமுறை வரை இருந்தார்கள். எல்லா வீட்டு அரிசியும் ஒரே பெட்டியில் விழும். விழுந்த பிறகு எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் இருந்த பெரிய பொறுப்பை விட்டுவிட்டு, 1909இல் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போய்த் தெலுங்கு கற்றுக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான பிறகும் அந்தக் கிராமங்களின் ஏழை ஜனங்களோடேதான் இருந்தார். அவர்களும் கொடுக்கக் கூடியவர்களே என்று மதித்துக் கொடுக்கப் பழக்கினார்.

டோனாவூர் எங்களுக்குப் பக்கம்தான். அயர்லாந்திலிருந்து மிஷனரியாக வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஐம்பது வருஷத்துக்கும் மேல் இந்தியாவில் இருந்து, சொந்த நாட்டுக்குத் திரும்பாமலே 1951இல் அங்கே மரித்தார். தேவதாசிகளாக இந்துக் கோவில்களுக்கு விடப்படும் நிலையில் இருந்த எத்தனையோ பெண் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவர். பணம் வேண்டும் என்று மனிதரிடம் கேட்பதில்லை என்று உறுதியாக இருந்தார். தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். அவர் சொன்னபடியே பெயர்க்கல் வைக்காமல், பறவைகளுக்கான ஒரு தண்ணீர்த் தொட்டியை அங்கே வைத்தார்கள் அவர் வளர்த்த பிள்ளைகள்.

இன்றைக்கும் அப்படிக் கொடுப்பவர்கள் உண்டு. எங்கள் கோவில் வளாகத்து ஆழ்துளைக் கிணற்றுக்கு முழுப் பணமும் கொடுத்தவர் யார் என்று குருவானவருக்கும் பொருளாளருக்கும் மட்டும்தான் தெரியும். நானும் கேட்டதில்லை. தண்ணீர் நன்றாக இருக்கிறது.

அசனப் பந்தி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பனை ஏறுகிறவரும் பண்ணையாரும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிடுவதுதான் அசனம். இப்போது சில ஊர்களில் பெரிய நன்கொடையாளர்களுக்குத் தனிப் பந்தல், மேசை, ஃபேன். மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை கட்டினவனுக்குக் காலடியும் காட்டுவதை வேதாகமத்தில் யாக்கோபு தன் நிருபத்தில் கண்டித்து எழுதியிருக்கிறார். தனிப் பந்தல் போடும் முன் கமிட்டியார் அந்த 2ஆம் அதிகாரத்தை ஒரு தரம் வாசிக்கட்டும்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. பட்டியல் வாசிக்கத்தான் வேண்டும் என்றால் தொகையை விட்டுவிட்டு அகர வரிசையில் வாசியுங்கள். பேனர் கட்டும் பணத்தை அசனத்துக்குச் சேருங்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு, ஐயா. டிசம்பர் வந்ததும் ஒரே ஒரு போர்வையை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு பாட்டியை நிறுத்தி எடுத்த படங்கள் உங்கள் அலுவலகத்துக்கு வரும். எங்கள் சபைகளிலிருந்தும் வரும். அந்தப் படங்களை நீங்கள் போடாவிட்டால் அனுப்புவதும் குறைந்துவிடும். இந்த வருஷம் செய்தியை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.