பேத்திக்கு நீச்சல் கற்றுத்தந்த தாத்தாவை வெளியேற்றியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வட்டார நீச்சல் குள நிர்வாகம்,
சிங்கப்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனம் பராமரிக்கும் எங்கள் வட்டாரக் குளத்தில், கடந்த சனிக்கிழமை காலை, என் ஆறு வயது மகளுக்கு நீந்தக் கற்றுத்தந்துகொண்டிருந்த என் தந்தையை, உரிமமின்றிப் பயிற்சி அளிக்கக் கூடாது என்று கூறித் தங்கள் ஊழியர் ஒருவர் பலர் முன்னிலையில் வெளியேற்றினார். "இவள் என் பேத்தி" என்று அப்பா இருமுறை சொல்லியும் அவர் செவிசாய்க்கவில்லை. அப்பாவுக்கு வயது 73.

என் தாத்தா நீந்தக் கற்றது, இந்நாட்டின் முதல் பொது நீச்சல் குளமாக 1931இல் திறக்கப்பட்ட மவுண்ட் எமிலியில். அவர் அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது, 1957இல் திறக்கப்பட்ட ஃபேரர் பார்க் குளத்தில். அவை இரண்டும் மூடப்பட்டுவிட்டன. நான் கற்றது இதே குளத்தில், ஆழம் குறைந்த இதே பக்கத்தில். எங்கள் வீட்டில் எவரும் வெளியாரிடம் நீச்சல் கற்றதில்லை. பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, வயிற்றுக்கடியில் உள்ளங்கையைத் தாங்கலாகக் கொடுத்து, காலை உதைக்கச் சொல்லியபடி அப்பா கூடவே நடப்பார். அந்தக் கை எப்போது விலகியது என்று எனக்குத் தெரியாது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவர் பத்தடி பின்னால் நின்றிருந்தார். என் மகளுக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை. தன்னால்தான் தாத்தா திட்டு வாங்கினார் என்று நினைத்து, இப்போது குளத்துக்கு வரவே மறுக்கிறாள்.

கட்டணம் பெற்றுக்கொண்டு உரிமமின்றி வகுப்பு நடத்துவோரைத் தடுக்கும் விதியை நான் குறை கூறவில்லை. தண்ணீரில் அலட்சியத்துக்கு இடமில்லை. ஆனால், நுழைவுக் கட்டணம் செலுத்தி, ஒரே ஒரு குழந்தையுடன் ஓரமாக நின்ற முதியவரை அந்த விதியின் கீழ் கொண்டுவந்தது எவ்வகையில் நியாயம்? திங்கட்கிழமை தொலைபேசியில் முறையிட்டபோது, தங்கள் வார இறுதி வகுப்பில் மகளைச் சேர்த்துவிடுமாறு ஆலோசனை கூறினார்கள். அது எனக்கு அந்தச் சம்பவத்தைவிட அதிக வருத்தம் தந்தது.

ஆகவே, என் தந்தையிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்குமாறும், குடும்பத்தினர் தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரத் தடையில்லை என்பதை ஊழியர்களுக்குத் தெளிவுபடுத்தி, நுழைவாயில் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். 14 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், குளத்தைத் தங்களிடம் ஒப்படைத்துள்ள அமைப்பிடம் முறையிடுவேன்.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மகளைச் சமாதானப்படுத்தி, அப்பாவுடன் நானும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
குளத்தின் நெடுநாள் வாடிக்கையாளர்