அலாஸ்காவில் குடியேற நினைப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் குடியேறினால் அரசாங்கமே ஆண்டுதோறும் கையில் பணம் தருகிறது என்று சொல்லும் காணொளிகள் அண்மைக்காலமாக எங்கள் வன்னிப் பிள்ளைகளின் கைப்பேசிகளில் ஓயாமல் ஓடுகின்றன. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அம்மாநிலத்தின் ஃபெயார்பாங்ஸ் நகருக்குச் சென்று, நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கழித்துத் திரும்பியவள் என்ற முறையிலும், நெடுங்காலம் புவியியல் படிப்பித்தவள் என்ற முறையிலும் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

முதலில் அந்தப் பணம். எண்ணெய் வருமானத்தைக் கொண்டு உருவாக்கிய நிதியத்தின் பங்கு 1982 முதல் அங்கு வாழ்பவர்களுக்குப் பகிரப்படுவது உண்மை. ஆனால் 2022இல் 3,284 டொலராக இருந்த அந்தத் தொகை 2020இல் 992 டொலர் மட்டுமே. அதுவும் முந்தைய ஆண்டின் ஜனவரி முதல் டிசெம்பர் வரை முழுமையாக அங்கு வசித்தவர்களுக்கே உரியது என்பதால், இந்த மார்ச்சில் போய் இறங்குபவர் அடுத்த ஆண்டு முழுவதையும் அங்கே கழித்து, அதற்கும் அடுத்த ஆண்டில்தான் விண்ணப்பிக்க முடியும். இரணைமடுக் குளத்து நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குக் குடியேற வந்த எங்கள் பாட்டனாரும் எத்தனை ஏக்கர் காணி கிடைக்கும் என்றுதான் கேட்டாராம். மலேரியாவைப் பற்றிக் கேட்கவில்லை.

அலாஸ்காவுக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் எந்த ஊருக்கு என்று கேட்க வேண்டும். இலங்கையைப்போல் 26 மடங்கு பரப்புள்ள அந்த மாநிலத்தில் ஏழு இலட்சத்துச் சொச்சம் பேரே வாழ்கிறார்கள். அவர்களிலும் ஐந்தில் இருவர் அங்கரேஜ் நகரில். தலைநகரான ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து தரைவழிப் பாதையே இல்லை. விமானத்தில் அல்லது கப்பலில்தான் போகலாம். கடலோரமான அங்கே குளிர் அவ்வளவு கொடியதன்று, மழைதான் விடாது. உள்நாட்டு நகரமான ஃபெயார்பாங்ஸிலோ மறை 40 பாகைக்கும் வெப்பநிலை இறங்குவதுண்டு. அந்த ஓர் எண்ணில் செல்சியஸும் பரனைட்டும் ஒன்றாகிவிடுவதை வகுப்பறையில் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வாசலில் நின்று அதை அனுபவிப்பேன் என்று நினைத்ததில்லை.

ஆயினும் குளிரை விட வீடுதான் பெரிய கேள்வி. வீட்டுக்கு வெளியே உள்ள தொட்டியில் எண்ணெய் நிரப்பி, அதை எரித்தே பல வீடுகளைச் சூடாக்குகிறார்கள். வாடகை மலிவாக இருக்கிறதென்று வீட்டைப் பிடித்துவிட்டு, சுவர் நன்றாகக் குளிர் காக்குமா என்று பாராமல் விட்டவர்கள் அந்த மலிவை எண்ணெய்க்காரருக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கடுங்குளிரில் சூடாக்கி நின்றுபோனால் சில மணி நேரத்திலேயே தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். நிலத்தின் கீழ் நிரந்தரமாக உறைந்திருக்கும் மண் வீட்டின் சூட்டால் இளகினால் அத்திவாரம் தாழ்ந்து வீடே சரியும். மகளின் தெருவில் அப்படிச் சாய்ந்த வீடு ஒன்றை நாள்தோறும் கடந்து போனோம். நகருக்கு வெளியே தண்ணீர் இணைப்பே இல்லாத மரக்குடில்கள் பல உள்ளன. வாடகை குறைவென்பதால் புதிதாக வருபவர்கள் அவற்றைத் தேடிப் போய், கான்களில் தண்ணீர் சுமக்கிறார்கள். கோடையில் பவுசரைக் காத்து நின்று பழகிய எங்களுக்கு அது புதிதல்ல, ஆனால் நாங்கள் அதைப் பனியில் வழுக்காமல் சுமந்ததில்லை.

இருட்டைப் பற்றி யாருமே எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. டிசெம்பர் 21ஆம் திகதியளவில் அங்கே பகல் நான்கு மணி நேரமும் இல்லை. வேலைக்குப் போன மருமகன் இருட்டில் போய் இருட்டில் வந்தார். வீட்டிலிருந்த எனக்கு எப்போது சமைப்பது, எப்போது படுப்பது என்ற கணக்கே குழம்பியது. பகலுக்கு ஈடாக மேசையில் வைக்கும் பிரகாசமான விளக்கும் விற்றமின் டியும் அங்கே பலசரக்குப் போல வீட்டில் இருக்கின்றன. ஜூனில் நிலைமை தலைகீழாகி, ஏறக்குறைய 22 மணி நேரம் வெயில் என்று மகள் சொல்கிறாள். சாளரங்களுக்குக் கறுப்புத் திரை போட்டே பிள்ளையைத் தூங்கவைக்கிறாளாம்.

வாகனம் இன்றியமையாதது. ஆனால் இங்கே ஓட்டிப் பழகியது போதாது. இரவில் காரின் எஞ்சினை மின்சார இணைப்பில் செருகிச் சூடாக வைத்திருந்தாலன்றிக் காலையில் அது உயிர்பெறாது. மூஸ் என்னும் பெரிய மான்கள் வீதியைக் கடக்கும். யானை மறித்த வீதிகளில் ஓடியவர்கள் அதை மட்டும் இலகுவாக விளங்கிக்கொள்வார்கள்.

தொய்வு வருத்தம் உள்ளவர்கள் மிகவும் யோசிக்க வேண்டும். குளிர்காலத்தில் ஃபெயார்பாங்ஸில் காற்று அசையாமல் நின்றுவிடுவதால், விறகு அடுப்புகளின் புகை ஊரின் மேலேயே தங்குகிறது. சிறப்பு வைத்தியர் தேவைப்பட்டால் பலர் அங்கரேஜுக்குப் போகிறார்கள். அது ஏறத்தாழ 580 கிலோமீற்றர், எங்கள் ஊரிலிருந்து கொழும்பை விடவும் தொலைவு.

போகவேண்டாம் என்று எழுதவில்லை. மாநில வருமான வரி கிடையாது, அயலவர்கள் உதவுகிறார்கள், மகள் குடும்பம் திரும்பிவரும் எண்ணத்தில் இல்லை. இடம்பெயர்வு எங்களுக்குப் பழகியதுதான், ஆனால் அவற்றில் எதையும் நாங்கள் தெரிவு செய்யவில்லை. இது தெரிவு செய்து போகும் பயணம். எனவே வேலைக் கடிதம் வந்தவுடன் காணியை ஈடுவைக்காமல், போகும் ஊரில் உள்ள ஒருவரிடம் ஜனவரி மாத எண்ணெய்ச் சிட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் ஒழுங்கையில் உள்ள தம்பி ஒருவர் தன் மைத்துனரிடம் அதைக் கேட்டிருக்கிறார். அது வந்த பின்னரே முகவருக்குப் பதில் சொல்வதாக இருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உருத்திரபுரம், கிளிநொச்சி.