ராக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு வண்டி

லாஸ் க்ரூசஸ், நியூ மெக்சிகோ
நவம்பர் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

நான்கு நாள் விடுமுறை. தோழிகளோடு காரில் அலமகோர்டோ வரை போய்வந்தேன். இங்கிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர். கணவாயைத் தாண்டிவிட்டால் கண்ணுக்கெட்டியவரை பாலைவனம்தான். ஏவுகணைச் சோதனை நடக்கும் நேரங்களில் இந்த நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்களாம். எங்களுக்கு வழி திறந்திருந்தது.

ஊருக்கு மேலே மலையடிவாரத்தில் விண்வெளி அருங்காட்சியகம் இருக்கிறது. ராக்கெட்டுகளை வெட்டவெளியில் வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். லிட்டில் ஜோ II மட்டும் 86 அடி உயரம். 1961 ஜனவரியில் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பிய ஹாம் என்ற சிம்பன்சியின் கல்லறையும் முன்புறத்தில் இருக்கிறது. அதன்மேல் யாரோ ஒரு வாழைப்பழம் வைத்திருந்தார்கள்.

ஆனால் அப்பா, நான் அதிக நேரம் நின்றது, தண்டவாளத்தில் ஓடிய ஒரு வண்டியின் முன்னால். பின்னால் ராக்கெட்டுகள், முன்னால் ஒரே ஒரு இருக்கை. 1954 டிசம்பர் 10 அன்று விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் அதில் தம்மைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்தே நொடியில் மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகம். பிறகு, தண்டவாளத்துக்கு நடுவே தேக்கியிருந்த தண்ணீர் தடுக்க, ஒன்றரை நொடிக்குள் வண்டி நின்றுவிட்டது. கண்ணில் ரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வையே இல்லை. ஆனாலும் பிழைத்தார், 89 வயதுவரை வாழ்ந்தார். மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று அறிய வேறொருவரை அனுப்பாமல் தாமே உட்கார்ந்த அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

விமானப்படை வீரர்கள் வானத்தில் மட்டுமல்ல, சாலையில் கார் மோதியும் மடிவதைப் பார்த்து, கார்களுக்கும் பெல்ட் வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடினார். புதிய கார்களில் பெல்ட் கட்டாயமாவதற்கு வழிவகுத்த சட்டத்தில் 1966இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டபோது இவரும் உடனிருந்தார்.

அங்கே நிற்கும்போது உங்கள் நினைவுதான். மணவாசி சுங்கச்சாவடி வந்ததும் பெல்ட்டை இழுத்து, மாட்டாமல் கையில் பிடித்துக்கொள்வீர்கள், தாண்டியதும் விட்டுவிடுவீர்கள். சிறுவயதில் நானும் அப்படியே செய்து சிரித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

சபரிமலைச் சவாரிகள் தொடங்கிவிட்டதாகவும் இரவில்தான் ஓட்டுகிறீர்கள் என்றும் அம்மா சொன்னார். அந்த ராக்கெட் வண்டியின் படத்தைத் தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். நம் காரின் பின் இருக்கை பெல்ட்டுகள் மெத்தைக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. அடுத்த சவாரிக்கு முன் தம்பியை வைத்து அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
தேன்மொழி