பெயர் சொல்லாமல் போன அண்ணனுக்கு நன்றி

பழைய ஏடிவி (மேடு பள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி). ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சோலினாய்டு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) 'டிக்' என்னும், மோட்டார் சுற்றாது. பேட்டரியோ 12.6 வோல்ட் காட்டியது, அதாவது முழு சார்ஜ். சரி, ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றிவிடலாம் என்றிருந்தேன். நீங்கள்தான் தடுத்தீர்கள்.

வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் மேலும் வைத்து, பட்டனை அழுத்தச் சொன்னீர்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்கவேண்டியது 3 வோல்ட்டைத் தாண்டியது. "கரண்ட் திரும்பிவர வழியில்லப்பா" என்றீர்கள். இன்ஜினையும் பேட்டரி நெகட்டிவையும் இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால், அடியில் பச்சைக் களிம்பு! செம்பு மின்னும்வரை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்தீர்களே, அந்தப் பொறுமைதான் பெரிது. இறுக்கி அழுத்தியதும் ஒரே சுற்றில் கிளம்பியது.

கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. மனசார நன்றி அண்ணா.